‘இப்போதைக்கு மருந்து வேண்டாம்’: ஒரு குடும்பம் காத்திருக்கப் பழகிய விதம்

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 64 வயது அம்மா. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மூன்று கறவை மாடுகள், கொஞ்சம் நிலம், காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால். இரண்டு மகன்கள். பெரியவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். சின்னவருக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்வதற்காக வழக்கமான ரத்தப் பரிசோதனை எடுத்தபோது வெள்ளை அணுக்கள் 38,000 என்று வந்தது. 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய எண்ணிக்கை அது. கண் ஆபரேஷன் நின்றது. ரத்த நோய் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

ரத்த நோய்ப் பிரிவு ஒன்றில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோய் என்ன என்பதில் குழப்பம் இருக்கவில்லை. ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தபோது வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள், முதிர்ந்தவை, நிறைந்திருந்தன, நடுநடுவே நசுங்கிய அணுக்களின் கறைகள். அணுக்களின் வகையைப் பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை உறுதி செய்தது. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய், மருத்துவர்கள் வாயில் சி.எல்.எல். ஒரே வகையைச் சேர்ந்த பி லிம்போசைட்டுகள் ஒரு மைக்ரோலிட்டரில் 5,000-க்குக் குறையாமல் மூன்று மாதமாவது நீடித்தால்தான் இந்தப் பெயர் வைப்பார்கள். மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் லுக்கேமியாவில் இதுவே அதிகம். நம் நாட்டில் அவ்வளவு இல்லை. அதனால் இதைக் கேள்விப்பட்டவர்களும் இங்கே குறைவு.

கழுத்தில் சின்னதாக இரண்டு நெறிக்கட்டிகள். மண்ணீரல் வீங்கவில்லை. ஹீமோகுளோபின் 12.1, தட்டணுக்கள் 2 லட்சத்துக்கு மேல். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பிரிக்கும் ராய் முறைப்படி முதல் நிலை. ஜோத்பூரில் பிறந்து நியூயார்க்கில் வேலை செய்த டாக்டர் காந்தி ராய் 1975-ல் வகுத்த நிலைகள் இவை. விரலால் தொட்டுப் பார்ப்பதும் சாதாரண ரத்த எண்ணிக்கையும் போதும் என்பதால் இன்றும் எல்லா ஊரிலும் உபயோகிக்கிறார்கள். மரபணுச் சோதனையில் 13-வது குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்திருந்தது. அது மட்டும்தான் குறை என்றால் நோய் பெரும்பாலும் நிதானமாகவே போகும்.

மருத்துவர் சொன்னது இரண்டே வாக்கியம்: “இப்போதைக்கு மருந்து வேண்டாம். மூணு மாசம் கழிச்சு ரத்தம் பார்த்துட்டு வாங்க.” அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன்கள் மட்டும் உள்ளே. கிளம்பும்போது பெரியவர் கேட்டுக்கொண்டது: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். தாங்க மாட்டாங்க.”

என்னிடம் இந்தக் குடும்பம் வந்தது அடுத்த பரிசோதனைக்குப் பிறகு. காரணம், எடை. 58 கிலோ இருந்தவர் 54 கிலோ ஆகியிருந்தார். சி.எல்.எல். விஷயத்தில் எடை இறங்கினால் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்வார். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ காரணமில்லாமல் குறைந்தால், சிகிச்சை தொடங்குவதற்கான அறிகுறிகளில் அதுவும் ஒன்று. இங்கே அந்த அளவை எட்டவில்லை, ஆனால் போகிற திசை சரியில்லை. கட்டிகளைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், தைராய்டு, சர்க்கரை, காசநோய் எல்லாம் சோதித்தார். ஒன்றும் இல்லை. ஹீமோகுளோபின் அதே 12. ராத்திரி வியர்வை இல்லை, காய்ச்சல் இல்லை. “சாப்பிடறதில்லைங்க” என்றார் மருமகள். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார் மருத்துவர்.

மருமகளிடம் தனியாகப் பேசியபோது மீதி தெரிந்தது. நோய் தெரிந்த மறு வாரமே மகன்கள் மூன்று மாடுகளையும் விற்றுவிட்டார்கள். “அம்மா இனிமே ஓய்வா இருக்கட்டும்.” கண் ஆபரேஷனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாமியாருக்கு என்ன பிடிக்கும் என்று இதுவரை ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை, இப்போது அவருக்குப் பிடித்த பலகாரமெல்லாம் தினமும் வீட்டுக்கு வருகிறது. பெரியவர் வாராவாரம் திருப்பூரிலிருந்து வந்து கால் பிடித்துவிடுகிறார். போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுகிறார். அந்த அம்மா தன் தோட்டைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார். நிலத்தை மகன்கள் பெயருக்கு எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

இதையெல்லாம் ஒரு மனுஷி எப்படிப் படிப்பார்? மாட்டை விற்றாயிற்று, கண்ணைச் சரிசெய்ய யாரும் அவசரப்படவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் மட்டும் எடுத்துவிட்டு வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார்கள். நாள் குறித்துவிட்டார்கள் என்றுதான் படிப்பார்.

நோயை மறைக்கும் குடும்பங்களை எங்கள் பிரிவில் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, அன்பினால் செய்வது அது. தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாகக் காட்டிய ‘பிளட் கேன்சர்’ ஒன்றுதான்: இருமினால் ரத்தம், மூன்று மாதக் கெடு. அந்தச் சொல்லை அம்மா காதில் போடப் பிள்ளைகளுக்கு எப்படி நா எழும்? ஆனால் சிகிச்சை நடக்கிற நோயில் மறைப்பதும், மருந்தில்லாமல் காத்திருக்கிற நோயில் மறைப்பதும் ஒன்றல்ல. கீமோ போடுகிற நோயாளிக்கு விஷயம் தெரியாவிட்டாலும் ‘நமக்காக ஏதோ செய்கிறார்கள்’ என்பது கண்ணுக்குத் தெரியும். காத்திருக்கும் நோயாளிக்கு அதுவும் இல்லை. ஏன் மருந்தில்லை என்ற விளக்கம் ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய சிகிச்சை. அதையும் மறைத்துவிட்டால் கைவிடப்பட்டோம் என்ற முடிவு தவிர வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. இந்தக் குடும்பத்தோடு பேசப் பேச எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இதுதான்.

முதலில் மகன்களோடு

அம்மாவிடம் பேசுவதற்கு முன்னால் பெரியவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. மனக்கலக்கத்தை 0 முதல் 10 வரை அளக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறோம். அவர் 8-ல் கோடு போட்டார். தூக்கம் இல்லை. லேப்காரர்கள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், வெள்ளை அணு எண் தடித்த எழுத்தில் சிவப்பாக வருகிறது, நடுராத்திரியில் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறார். 38,000, அப்புறம் 44,000. “ஏறிக்கிட்டே போகுதுங்க மேடம். கேன்சர்னா சீக்கிரம் பார்க்கணும்னு போர்டு போர்டா எழுதி வெச்சிருக்கீங்க. இங்க மட்டும் ஏன் சும்மா இருக்கச் சொல்றீங்க?”

நியாயமான கேள்வி. மார்பகம், கருப்பை வாய், வாய்ப் புற்றுநோய்க்கெல்லாம் நாம் ஊருக்கு ஊர் சொல்வது அதைத்தான். சி.எல்.எல்.-க்கு அது பொருந்தாது என்பதை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை, நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொன்னார்கள். பிரான்சில் இரண்டு ஆய்வுகளில், ஆரம்ப நிலையில் இருந்த 1,500-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு உடனே குளோரம்புசில் மாத்திரை கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கொடுக்காமல் கவனித்தார்கள். 1998-ல் வந்த முடிவு: சீக்கிரம் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதிக நாள் வாழவில்லை. மருந்தில்லாமல் விடப்பட்டவர்களில், முதல் ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பதினோரு வருடம் தாண்டியும் நோய் முற்றவில்லை, மருந்தும் தேவைப்படவில்லை. அடுத்த வருடம் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பத்து வருடம் உயிரோடிருந்தவர்கள் உடனே சிகிச்சை பெற்றவர்களில் 44 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 47 சதவீதம்.

“அது பழைய மருந்துங்களே” என்றார் சின்னவர். அவர் விவரமானவர். அதையும் பார்த்துவிட்டார்கள். இப்ருட்டினிப் என்ற புது மாத்திரையை ஆரம்ப நிலையிலேயே, அதுவும் நோய் வேகமாகப் போகும் வாய்ப்புள்ளவர்களுக்குக் கொடுத்து ஜெர்மன் குழு ஒன்று சோதித்தது. சி.எல்.எல். 12 என்று அந்த ஆய்வுக்குப் பெயர். நோய் முற்றுவது தள்ளிப்போனது உண்மை. ஆயுள் கூடவில்லை. ரத்தக்கசிவு, இதயத் துடிப்புக் கோளாறு போன்ற பக்கவிளைவுகள் மட்டும் கூடுதலாக வந்தன. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் அது பலிக்காமல் போகும் காலமும் சீக்கிரம் வரக்கூடும்.

பெரியவருக்கு இந்தக் கணக்கு பிடிபட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றார். காட்டச் சொன்னேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்தோம். அவரும் அதையே சொன்னார். காத்திருக்கப் போகிற குடும்பத்துக்கு இரண்டாவது கருத்து கேட்பது வீண் செலவு என்று நான் ஒருபோதும் நினைப்பதில்லை. முதல் தடவை கேட்டபோது ஏறாத வார்த்தை இரண்டாவது வாயிலிருந்து வரும்போது ஏறுகிறது.

பெரியவரின் தூக்கமின்மை பேச்சோடு சரியாகவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினோம், சில மாதம் மாத்திரை சாப்பிட்டார். நோயாளி ஒருவர், மருந்து தேவைப்பட்டவர் இன்னொருவர். காத்திருக்கும் குடும்பங்களில் இது அபூர்வமே அல்ல.

அம்மாவிடம்

மகன்களின் சம்மதத்தோடு, அவர்கள் இருக்கும்போதே பேசினேன். நோயின் பெயரை நானாக எடுக்கவில்லை. “உங்க உடம்பைப் பத்தி நீங்க என்னம்மா நினைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் கண்ணு” என்றார். “வாசல்ல போர்டு இருக்கே, ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுன்னு.”

மகன்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவர்கள் உடைந்துவிடுவார்கள் என்று அவர் மறைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. “எல்லாருக்கும் ஊசி போடறாங்க, பாட்டில் ஏத்தறாங்க. என்னை மட்டும் ஏன் அனுப்பிச்சுடறாங்க? முத்திப்போச்சா? இல்ல, காசு பத்தலயா?”

மருத்துவரையே வரவழைத்தோம். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அரசாங்க ஆஸ்பத்திரியோ தனியாரோ, வெளி நோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். இந்த நோய் மெதுவாகப் போகிறது, இப்போது மருந்து கொடுத்தால் லாபத்தைவிடக் கஷ்டம் அதிகம், தேவைப்படும்போது கொடுக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, சிலருக்குக் கடைசிவரை தேவையே வராது என்று விளக்கினார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “சினை மாட்டை நாள் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டேதான் இருப்போம். முன்னாடியே கன்னை இழுக்க மாட்டோம். அந்த மாதிரிங்களா?” அதே மாதிரிதான், ஆனால் இங்கே நாள் வராமலேயும் போகலாம் என்றார் மருத்துவர்.

அடுத்து அவர் கேட்டது மாடுகளைப் பற்றி. வேலை செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். இந்த நோய்க்காக ஓய்வெடுக்க வேண்டிய அவசியமில்லை. பெரியவரைப் பார்த்து, “அப்புறம் எதுக்குடா வித்தே?” என்றார். அவ்வளவுதான் கோபம்.

தாளில் எழுதிக் கொடுத்தது

மருத்துவரும் நானும் சேர்ந்து ஒரு பக்கத் தாள் தயாரித்தோம், தமிழில், பெரிய எழுத்தில். எப்போது மருந்து தொடங்குவோம் என்பது மேலே. ஹீமோகுளோபின் நோயினால் 10-க்குக் கீழே இறங்கினால், தட்டணு ஒரு லட்சத்துக்குக் குறைந்தால், கட்டிகளோ மண்ணீரலோ மிகப் பெரிதாகித் தொந்தரவு கொடுத்தால், லிம்போசைட்டுகள் ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால், எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒரு மாதமாக ராத்திரியில் துணி நனைய வியர்த்தால், தொற்று இல்லாமலே இரண்டு வாரம் காய்ச்சல் அடித்தால், அன்றாட வேலை செய்ய முடியாத அளவு அசதி வந்தால். கீழே அடிக்கோடிட்டு: வெள்ளை அணு எண்ணிக்கை பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து தொடங்க மாட்டோம்.

அந்தக் கடைசி வரிதான் பெரியவருக்கு. 44,000 அடுத்த தடவை 41,000 ஆனது, அதற்கடுத்து 47,000. சளி பிடித்தால்கூட ஆடும் எண் அது. இந்த நோயில் ஒற்றை எண்ணுக்கு அர்த்தம் குறைவு, பல மாதப் போக்குக்கு அர்த்தம் அதிகம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என்று லேபில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். காலையில் ரத்தம், அன்றைக்கே மதியம் மருத்துவர் என்று ஏற்பாடு செய்தோம். நடுவில் கிடந்த இரண்டு ராத்திரிகள் இல்லாமல் போயின. இந்தக் குடும்பத்துக்கு நாங்கள் செய்த உதவிகளில் எது அதிகம் பலித்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செலவும் இல்லை.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம், அம்மாவுக்கு அது ஒட்டவில்லை. மற்ற நோயாளிகளோடு கூடிப் பேசவும் விருப்பமில்லை. வற்புறுத்தவில்லை.

தாளின் பின்பக்கம் அவரே செய்ய வேண்டியவை. சி.எல்.எல். உள்ளவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், ஆபத்து பெரும்பாலும் கிருமித் தொற்றில்தான் வருகிறது. நிமோனியா தடுப்பூசி, வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி. அக்கி வராமலிருக்க இரண்டு தவணை ஊசி இருக்கிறது, விலை கூடுதல், மகன்கள் பணம் சேர்த்துப் போட்டார்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. அவர் ஊரில் அக்கி வந்தால் குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதுவார்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும், அதனால் முதலில் எங்களிடம் வாருங்கள் என்றேன். மாட்டுக் கொட்டகையில் கையுறை, காலில் செருப்பு, காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவது, பாலைக் காய்ச்சாமல் குடிக்காமலிருப்பது.

செய்ய வேலை கிடைத்ததும் அந்த அம்மா மாறினார். சாப்பாடு திரும்பியது. கண் ஆபரேஷனைச் செய்யலாம் என்று ரத்த நோய் மருத்துவர் கடிதம் கொடுத்தார், ஒரு கண் அந்த வருடமே முடிந்தது. முதலில் ஒரு மாடு, பிறகு இன்னொன்று. எடை 57.

உறவும் வேண்டுதலும்

உறவுக்காரர்கள் வேறு விதமாகப் படுத்தினார்கள். ‘கேன்சரை வெச்சுக்கிட்டுச் சும்மாவா இருக்கீங்க?’ என்று கேட்டவர் ஒருவர், முள் சீத்தா இலையோடு வந்தவர் ஒருவர். பெயரில்லாத பொட்டலத்தில் பொடி வந்தது. இப்படி வரும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டும் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் இருந்தது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. எதைச் சாப்பிடுவதானாலும் எங்களிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பொடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், திருப்பி எடுத்துப் போகவில்லை.

சின்னவர் கல்யாணம் பெரிய முடிச்சு. பிள்ளைகளுக்கும் வருமா என்ற கேள்வி எழுந்தது. நெருங்கிய ரத்த உறவினருக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. நோயே அரிது என்பதால் அந்த வாய்ப்பும் மொத்தத்தில் சிறியது. அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்யச் சொல்வதில்லை. பெண் வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தவர் அம்மாதான். ஒரு வரன் நின்றுபோனது. அடுத்து வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்கள்.

வேண்டுதல் விஷயம் நான் எதிர்பாராதது. நோய் தெரிந்த அன்றே பெரியவர் பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார், அம்மாவுக்குக் குணமானால் குண்டம் இறங்குவதாக. காத்திருக்கும் நோயில் குணமான நாள் என்று ஒன்று கிடையாது. எந்தப் பங்குனியில் இறங்குவது? முழுக்கக் குணமாகாமல் செய்தால் குறையாகுமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அவர் கேள்வி என் படிப்புக்கு அப்பாற்பட்டது. அம்மாவிடமே கேளுங்கள் என்றேன். “இந்த வருஷமே இறங்குடா. நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றாராம். இறங்கினார். அதன் பிறகு நடுராத்திரியில் ரிப்போர்ட் பார்ப்பது வெகுவாகக் குறைந்துவிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

இப்போது

மூன்று வருடம் ஆகிறது. கடைசி எண்ணிக்கை 71,000, ஹீமோகுளோபின் 11.6. கழுத்துக் கட்டிகள் சற்றே பெரிதாகியிருக்கின்றன. மூன்று வருடத்தில் அணுக்கள் இன்னும் இரட்டிப்பாகவில்லை, தாளில் எழுதிய எல்லை எதையும் தாண்டவில்லை. ஒரு முறை நெஞ்சுச் சளி முற்றி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், காய்ச்சல் வந்த அன்றைக்கே வந்துவிட்டதால் சமாளிக்க முடிந்தது. பரிசோதனைக்கு முந்தைய வாரம் வீட்டில் இன்னமும் பேச்சு குறைகிறது. பெரியவர் இன்னமும் முதல் நாள் எனக்குப் போன் செய்கிறார். 2007-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 1,482 சி.எல்.எல். நோயாளிகளிடம் கேட்டபோது, அவர்களின் மனநலம் பொதுமக்களைவிட மட்டுமல்ல, மற்ற புற்றுநோயாளிகளைவிடவும் தாழ்ந்திருந்தது. இந்தக் குடும்பத்தின் பதற்றம் முழுக்கத் தீரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

போன தடவை அந்த அம்மா மருத்துவரிடம் கேட்டது மாத்திரையைப் பற்றி. நாள் வந்தால் என்ன கொடுப்பீர்கள், என்ன செலவாகும்? நோய் முற்றும் வரை தினமும் சாப்பிடும் மாத்திரை ஒரு வகை, ஓராண்டு அளவில் கொடுத்து நிறுத்தும் மருந்துச் சேர்க்கை இன்னொரு வகை, அந்த நேரத்து உடல்நிலையையும் மரபணுச் சோதனையையும் பார்த்து முடிவு செய்வோம் என்று அவர் விளக்கினார். மகன்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தினார்கள். போஸ்ட் ஆபீஸில் மூவர் பெயரிலும் ஆர்.டி. போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு பால் பணத்திலிருந்து அம்மா கட்டுவது. இரண்டாவது கண்ணுக்குத் தை மாதம் தேதி வாங்கியிருக்கிறார்கள்.